கேளுங்க, சொல்றேன்: இன்டர்நெட்டுக்குப் பேர் வைக்கிற எடத்துல நம்ம அரசாங்கத்துக்கு என்ன வேலை?

போன இதழ்ல, இணைய முகவரியில டாட்டுக்கு அப்புறம் வர்ற கடைசிப் பேரையே (டாட் காம், டாட் இன் மாதிரி) புதுசா வாங்கலாம், அதுக்கு 2026 ஏப்ரல் 30ல இருந்து விண்ணப்பம் வாங்கப் போறதா அறிவிச்சிருக்காங்கன்னு ஒரு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கேட்டிருந்தது ஒரே விஷயம், அங்க அரசாங்கங்களுக்கு என்ன பங்குன்னு. அதனால இந்த தடவை மத்த கேள்விகளை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: டாட் காம், டாட் இன் எல்லாம் யாரு சார் குடுக்கறா? அங்க நம்ம கவர்மென்ட் ஆளு யாராவது இருக்காங்களா, இல்ல எல்லாம் அமெரிக்கா கையில தானா?
*ஓய்வு பெற்ற தபால் ஊழியர், திண்டுக்கல்*

ஐயா, நீங்க தபால்ல வேலை பாத்தவர், உங்களுக்கு இது சட்டுனு புரியும். கடிதத்தை பிரிக்கும்போது நீங்க மொதல்ல பாக்கறது கடைசி வரியில இருக்கற பின்கோடு தானே, தெரு பேரும் வீட்டு நம்பரும் அப்புறம் தான். கம்ப்யூட்டரும் அப்படித்தான், இணைய முகவரியை வலது பக்கத்துல இருந்து படிக்கும், மொதல்ல டாட் இன்னா டாட் காமான்னு பாக்கும். அந்த கடைசிப் பேருங்க எல்லாத்துக்கும் சேத்து உலகத்துக்கே ஒரே ஒரு லிஸ்ட் தான் இருக்கு, ரூட்னு சொல்வாங்க, அதுல இப்போ 1,400க்கு மேல பேர் இருக்கு. அந்த லிஸ்ட்ல எது ஏறும் எது ஏறாதுன்னு முடிவு பண்றது ஐகான்னு ஒரு அமைப்பு. 1998ல கலிஃபோர்னியாவுல பதிவு பண்ணின லாபநோக்கு இல்லாத நிறுவனம். அதுக்கு முன்னாடி ஜான் போஸ்டல்ங்கறவர் தான் பெரும்பாலும் இந்த லிஸ்டை பாத்துக்கிட்டு இருந்தார், நாடுகளோட ரெண்டெழுத்து பேருங்கள்ல பெரும்பாலானது அவர் காலத்துல குடுத்தது தான், நம்ம டாட் இன் 1989ல வந்தது.

அமெரிக்கா கையிலயான்னு கேட்டீங்க. 2016 வரைக்கும் பாதி உண்மை. அமெரிக்க வணிகத் துறையோட ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு, ரூட்ல ஒரு மாத்தம் பண்ணணும்னா அவங்க பார்வைக்குப் போய் தான் வரணும். அமெரிக்க உளவுத்துறை உலகத்தோட இன்டர்நெட் பேச்சையே ஒட்டுக் கேக்குதுன்னு ஸ்னோடன்ங்கறவர் வெளியிட்ட விவகாரம் 2013ல வெடிச்சதுக்கு அப்புறம் இது ரொம்ப நாள் தாங்காதுன்னு எல்லாருக்குமே தெரிஞ்சு போச்சு, 2014 மார்ச்ல அமெரிக்காவே நாங்க விலகிக்கறோம்னு சொல்லுச்சு, ரெண்டரை வருஷம் பேசிப் பேசி 2016 அக்டோபர் 1ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சுது. அதுக்கு அடுத்த மாசமே ஐகான் கூட்டம் எங்க நடந்துச்சுன்னா நம்ம ஹைதராபாத்ல.

நம்ம ஆளு இருக்காங்களான்னா, இருக்காங்க. ஐகானுக்குள்ள அரசுகளோட ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, ஆங்கில எழுத்தை வச்சு ஜிஏசின்னு கூப்பிடுவாங்க. 1999 மார்ச்ல சிங்கப்பூர்ல முதல் கூட்டம், முதல் தலைவர் ஆஸ்திரேலியாவோட பால் டூமி. இப்போ 180க்கு மேல அரசுகள் உறுப்பினர், இன்டர்போல் மாதிரி அமைப்புகள் பார்வையாளரா வந்து உக்காருவாங்க. இந்தியாவுக்கு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துல இருந்து ஆள் போறாங்க.

கேள்வி: "ஆலோசனை"ன்னு பேர்லயே இருக்கே. கேட்டா கேளு, கேக்காட்டி போங்கற மாதிரி தானே? அப்போ 180 நாடு எதுக்கு அங்க போய் உக்காரணும்?
*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

இந்த கேள்வி தான்மா இதுல முக்கியமானது, கொஞ்சம் பொறுமையா படி.

ஐகானோட போர்டுல ஓட்டுப் போடறவங்க 16 பேர். ஒரு நாட்டு அரசாங்க அதிகாரி அந்த 16ல ஒருத்தரா வர முடியாதுன்னு அதோட விதியிலயே எழுதி வச்சிருக்காங்க. ஜிஏசி தலைவர் போர்டு கூட்டத்துல உக்காரலாம், பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. வருஷத்துக்கு மூணு தடவை உலகத்துல எங்கயாவது ஒரு ஊர்ல கூடுவாங்க, கடைசியில ஒரு அறிக்கை எழுதுவாங்க, கம்யூனிக்கேன்னு அதுக்குப் பேரு, அதுல தான் "போர்டுக்கு எங்க ஆலோசனை இது"ன்னு வரும்.

இதுவரைக்கும் கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி தான் இருக்கும். ஆனா அந்த ஆலோசனையை எந்த அரசுமே முறைப்படி எதிர்க்காம குடுத்திருந்தா, அதை போர்டு சும்மா ஓரமா தள்ள முடியாது. தள்ளணும்னா 60 சதவீதம் ஓட்டு வேணும், அதாவது 16ல குறைஞ்சது 10 பேர், அதுக்கும் காரணத்தை எழுத்துல குடுக்கணும், அப்புறம் ரெண்டு தரப்பும் உக்காந்து ஒரு வழி கண்டுபிடிக்க உண்மையா முயற்சி பண்ணணும். இந்த 60 சதவீதம் 2016ல அமெரிக்கா விலகினப்போ வந்த மாத்தம், அதுக்கு முன்னாடி சாதாரண பெரும்பான்மையே போதும். போர்டு கேக்காம போனதும் உண்டு. வயசு வந்தவங்க தளங்களுக்கான டாட் எக்ஸ்எக்ஸ்எக்ஸை பல அரசுகள் வேணாம்னு சொல்லியும் 2011 மார்ச்ல சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டத்துல போர்டு ஒத்துக்கிச்சு.

இப்போ திருப்பி யோசிச்சுப் பாரு. எல்லா அரசும் ஒத்துப் போனா தான் எடை. ஒரே ஒரு நாடு "எனக்கு சம்மதம் இல்ல"ன்னு கை தூக்கினா அந்த எடை போச்சு, வெறும் கருத்தா ஆயிடும். 140 கோடி பேர் இருக்கற இந்தியாவுக்கும் சில லட்சம் பேர் இருக்கற தீவுக்கும் அங்க ஒரே கை தான். பெரிய நாடு, சின்ன நாடு, பணக்கார நாடு, ஏழை நாடுன்னு எந்த வித்தியாசமும் அந்த ஒரு நிமிஷத்துல இல்ல. ஆனா கை தூக்கணும்னா ஆள் அந்த ரூம்ல இருக்கணும், பேப்பரைப் படிச்சுட்டு வந்திருக்கணும். நான் இந்த கம்யூனிக்கே எழுதற அமர்வுகளை ஆன்லைன்ல உக்காந்து கேட்டிருக்கேன், ஒரு வினைச்சொல்லை மாத்தலாமா வேணாமான்னு நேரம் போறதே தெரியாம பேசுவாங்க, கேக்கறவங்களுக்கு அலுப்பா இருக்கும், ஆனா அந்த ஒரு சொல்லுல தான் பின்னாடி கோடிக்கணக்கான பணமும் ஒரு ஊரோட பேரும் நிக்கும். அந்த நேரத்துல எத்தனை நாட்டு நாற்காலியில ஆள் இருக்கு, எத்தனைல வெறும் பேர்ப்பலகை மட்டும் இருக்குங்கறது தான் எனக்கு எப்பவும் கவலை.

கேள்வி: அமேசான் ஆத்தோட பேரையே அந்த கம்பெனி வாங்கிடுச்சுன்னு என் பையன் சொல்றான். ஆறு ஓடற நாடுங்க சும்மாவா இருந்துச்சு?
*இல்லத்தரசி, திருவாரூர்*

சும்மா இல்லம்மா, ஏழு வருஷம் சண்டை போட்டாங்க. நான் மேல சொன்ன "ஒரு கை" விஷயம் இந்தக் கதையில தான் நல்லா தெரியும், அதனால முழுசா சொல்றேன்.

2012ல ஐகான் புதுப் பேருங்களுக்கு கதவைத் திறந்தப்போ 1,930 விண்ணப்பம் வந்துச்சு, ஒரு விண்ணப்பத்துக்கு கட்டணம் 1,85,000 டாலர். அதுல அமேசான் கம்பெனி டாட் அமேசான் கேட்டுச்சு, சீன எழுத்துலயும் ஜப்பான் எழுத்துலயும் அதே பேரை சேத்துக் கேட்டுச்சு. விண்ணப்பம் வந்ததும் அரசுகள் "இதுல எங்களுக்கு பிரச்சினை இருக்கு"ன்னு முன்னெச்சரிக்கை நோட்டீஸ் குடுக்கலாம்னு ஒரு வழி வச்சிருந்தாங்க. அந்த நவம்பர்ல மொத்தம் 242 நோட்டீஸ் போச்சு, அதுல 129 ஆஸ்திரேலியா ஒரே நாடு குடுத்தது. அமேசானுக்கு எதிரா குடுத்தது பிரேசிலும் பெருவும். எங்க காட்டோட பேரு, எங்க ஆத்தோட பேரு, அங்க எங்க பழங்குடி மக்கள் வாழறாங்க, நாளைக்கு அவங்களே இந்தப் பேர்ல ஒரு தளம் வைக்கணும்னா ஒரு கடைக்காரன் கிட்ட போய் நிக்கணுமா, இது தான் அவங்க கேட்டது. எனக்கு இது நியாயமான கேள்வியா தான் படுது.

2013 ஏப்ரல்ல பெய்ஜிங்ல ஜிஏசி கூடினப்போ முடிவு வரல, அமெரிக்கா ஒத்துக்கல. அவங்க நாட்டுக் கம்பெனி, அவங்க கை. மூணு மாசம் கழிச்சு ஜூலைல டர்பன்ல கூடறதுக்கு முன்னாடி அமெரிக்கா "நாங்க நடுநிலை"ன்னு கையை இறக்கிடுச்சு. அவ்ளோதான், எதிர்ப்பு யாருமில்ல, டாட் அமேசான் வேணாம்னு ஒருமித்த ஆலோசனை போயிடுச்சு, 2014 மே மாசம் போர்டும் விண்ணப்பத்தை நிராகரிச்சுது. அதே சமயத்துல துணிக் கம்பெனி ஒண்ணு கேட்டிருந்த டாட் பட்டகோனியாவும் இதே மாதிரி எதிர்ப்புல மாட்டுச்சு, பட்டகோனியாங்கறது அர்ஜென்டினாவுலயும் சிலியிலயும் பரவிக் கெடக்கற பகுதி, அந்த ரெண்டு நாடும் விடல, அந்தக் கம்பெனி டர்பனுக்கு முன்னாடியே விண்ணப்பத்தை திரும்ப எடுத்துக்கிச்சு.

அமேசான் விடல. ஐகான் விதியிலயே போர்டு முடிவை வெளியாளுங்க நடுவர்களா இருந்து விசாரிக்கிற ஏற்பாடு இருக்கு, அங்க போச்சு. 2017 ஜூலைல மூணு நடுவர்ல ரெண்டு பேர் கம்பெனி பக்கம் சொன்னாங்க. ஏன்னு தெரியுமா? அரசுகள் சொல்லிட்டாங்கன்னு போர்டு அப்படியே தலையாட்டியிருக்கக் கூடாது, அரசுகள் சொன்னதுக்குப் பின்னாடி பொது நலன் காரணம் உண்மையிலயே இருக்கான்னு போர்டு தானே ஆராய்ஞ்சிருக்கணும், அது நடக்கலன்னாங்க. டர்பன் ஆலோசனையில காரணமே எழுதியிருக்கலம்மா! எல்லாரும் சேந்து "வேணாம்"னு சொன்னாங்க, "ஏன் வேணாம்"னு எழுதி வைக்கல. என்னைக் கேட்டா ஆறு ஓடற நாடுங்க தோத்த எடம் இது தான். ஜிஏசி ஆலோசனை குடுத்தா காரணத்தையும் தெளிவா சொல்லணும்னு 2016ல மாத்தின விதியில சேத்துட்டாங்க, ஆனா டர்பன் ஆலோசனை அதுக்கு முன்னாடி குடுத்தது.

அதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் சமரசப் பேச்சு. அமேசான் ஒப்பந்த அமைப்புன்னு பிரேசில், பெரு, பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார், கயானா, சுரினாம், வெனிசுலா எட்டும் சேந்த ஒண்ணு இருக்கு, அவங்க பேரைப் பங்கு போட்டு நிர்வாகம் பண்ணலாம்னு கேட்டாங்க. கம்பெனி 50 லட்சம் டாலருக்கு, புத்தகம் படிக்கிற தன்னோட கிண்டில் கருவியும் சர்வர் வசதியும் தர்றேன்னு சொன்னதா செய்தி வந்துச்சு, அவங்க ஏத்துக்கல. கேட்டது பேர் மேல உரிமை, அதுக்கு கிண்டிலைக் குடுத்தா எப்படி ஒத்துக்குவாங்க? கடைசியில 2019 மே மாசம் போர்டு கம்பெனி திட்டத்தை ஏத்துக்கிச்சு. ஒவ்வொரு நாட்டுக்கும் டாட் அமேசானுக்குள்ள ஒரு பேரு, அந்தப் பகுதி கலாச்சாரத்தோட ஒட்டின சொற்களை யாரும் பதிவு பண்ணாம தடுத்து வைக்கலாம், இவ்ளோ தான் கெடச்சுது. 2020ல ரூட்ல ஏறிடுச்சு.

கேள்வி: இந்தியா இந்த மாதிரி எதையாவது எதிர்த்திருக்கா?
*வாசகர், ஓசூர்*

எதிர்த்திருக்கு. அதே 2012 சுற்றுல ஒரு அமெரிக்க கார் கம்பெனி தன்னோட வண்டி பேரை வச்சு டாட் ராம் கேட்டுச்சு, நம்ம ஊர் பெரிய கம்பெனி ஒண்ணு டாட் இந்தியன்ஸ் கேட்டுச்சு. ரெண்டும் வேணாம்னு இந்திய அரசு சொன்னது டர்பன் கம்யூனிக்கேல பதிவாகி இருக்கு. இன்னிக்கு ரூட் லிஸ்ட்ல ரெண்டும் இல்ல.

கேள்வி: ஒரு நாட்டோட சண்டைன்னா அந்த நாட்டு டொமைனையே தூக்கிடச் சொல்ல முடியுமா? நாளைக்கு யாராவது டாட் இன்னை தூக்கச் சொன்னா?
*வங்கி ஊழியர், மதுரை*

சொன்னாங்களே. 2022 பிப்ரவரி 24ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள படையோட வந்துச்சு, நாலே நாள்ல, பிப்ரவரி 28ல, உக்ரைனோட ஜிஏசி பிரதிநிதி ஐகானுக்கு கடிதம் எழுதினார். ரஷ்யாவோட டாட் ஆர்யூ, ரஷ்ய எழுத்துல இருக்கற இன்னொரு பேரு, சோவியத் காலத்து டாட் எஸ்யூ மூணையும் எடுங்க, ரூட் லிஸ்டை எடுத்துக் குடுக்கற சர்வர்கள்ல ரஷ்யாவுல இருக்கறதை நிறுத்துங்கன்னு. குண்டு விழற ஊர்ல உக்காந்து எழுதின கடிதம் அது, அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

மார்ச் 2ல ஐகானோட தலைமை அதிகாரி யோரான் மார்பி பதில் போட்டார், முடியாதுன்னு. நாங்க பக்கம் சாயாம இந்த அமைப்பை ஓட வைக்கத்தான் இருக்கோம், தண்டனை குடுக்கற அதிகாரம் எங்களுக்கு இல்ல, ஒரு நாட்டுப் பேரை ஒருதலையா எடுத்தா எல்லாரும் இதை நம்பறதே போயிடும், இது தான் சாரம். அந்தப் பதில் சரின்னு தான் நான் நெனைக்கறேன், ஏன்னா டாட் ஆர்யூவை எடுத்தா போருக்கு உத்தரவு போட்டவருக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல, அங்க போரை எதிர்த்து எழுதிக்கிட்டு இருந்தவங்களோட தளமும் மெயிலும் தான் மொதல்ல போகும். ஒரு தடவை ஒரு நாட்டுக்கு பண்ணிட்டா அடுத்த தடவை பண்ணச் சொல்லி யார் யார் வரிசையில நிப்பாங்கன்னு நீங்களே யோசிங்க. டாட் இன் பத்தின உங்க பயத்துக்கும் இதுலயே பதில் இருக்கு.

ஒரு விஷயம் குழப்பிக்காதீங்க. நம்ம நாட்டுல கலவரம், பரீட்சைன்னு ஒரு மாவட்டத்துல இன்டர்நெட் நிக்குதே, அது இங்க இருக்கற அரசு டெலிகாம் கம்பெனிகளுக்குப் போடற உத்தரவு. அதுக்கும் ஐகானுக்கும் சம்பந்தமே இல்ல.

கேள்வி: எங்கட நாட்டுக்கு தமிழிலயும் ".இலங்கை" எண்டு பெயர் கிடைச்சிருக்கெண்டு கேள்விப்பட்டன். அதை ஆர் கேட்டு வாங்கினது? அரசாங்கமோ?
*ஆசிரியர், யாழ்ப்பாணம்*

ஆமாங்க, உங்களுக்கு 2010லயே கெடச்சிடுச்சு. 2009 நவம்பர்ல நாடுகள் தங்களோட சொந்த எழுத்துல நாட்டுப் பேரைக் கேக்கலாம்னு ஐகான் வழி திறந்துச்சு, அதுக்கு முக்கியமான நிபந்தனை ரெண்டு, அந்த மொழி அந்த நாட்டுல ஆட்சி மொழியா இருக்கணும், அரசோட ஆதரவுக் கடிதம் வேணும். இலங்கையோட ரெண்டெழுத்துப் பேரான டாட் எல்கேவை நடத்தற பதிவகம் தான் உங்க ஊர்ல கேட்டுச்சு, அரசு பின்னாடி நின்னுச்சு, சிங்களத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணுன்னு ரெண்டு பேரும் சேந்தே வந்துச்சு. அடுத்த வருஷம் .சிங்கப்பூர் வந்துச்சு, அதே வருஷம் இந்தியா வாங்கின ஏழு பேர்ல ஒண்ணா .இந்தியாவும் வந்துச்சு. ஆக ரூட் லிஸ்ட்ல தமிழ் எழுத்துல மூணு நாட்டுப் பேர் இருக்கு. எனக்கு இதை நெனைச்சா இன்னும் சந்தோஷமா இருக்கு, ரொம்பப் பெரிய மொழிங்களுக்கே ஒரு நாட்டுப் பேர் தான் இருக்கற லிஸ்ட்ல நமக்கு மூணு.

மலேசியாவுல இவ்ளோ தமிழர் இருந்தும் .மலேசியான்னு தமிழ்ல இல்ல, அந்த நாடு ஜாவி எழுத்துல, அதாவது மலாயை அரபு எழுத்துல எழுதற முறையில, வாங்கியிருக்கு, தமிழ் அங்க ஆட்சி மொழி இல்லையே. சட்டத்துல ஒரு மொழிக்கு என்ன எடம்ங்கறது இன்டர்நெட் வரைக்கும் போய் நிக்குது பாருங்க.

எழுத்து விஷயத்துல அரசாங்க ஆளுங்க மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். தமிழ்லயும் மலையாளத்துலயும் பாக்க ஒண்ணு போல இருக்கற எழுத்துங்க இருக்கு, ஔவும் ஒ-ள சேத்து எழுதினதும் கண்ணுக்கு ஒண்ணா தெரியும், இதை வச்சு போலி வங்கித் தளம் செஞ்சா சாதாரண ஜனம் எப்படி கண்டுபிடிக்கும்? அதனால எந்த எழுத்து ரூட்ல வரலாம், எது எதோட குழம்பும்னு மொழி தெரிஞ்சவங்களும் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களும் உக்காந்து விதி எழுதினாங்க, தமிழுக்கான விதி 2019ல வந்துச்சு.

கேள்வி: இதை எல்லாம் ஐநா சபை கையில குடுத்துட்டா என்ன? அரசாங்கங்களுக்கு ஓட்டுரிமை குடுத்தா என்ன தப்பு?
*வழக்கறிஞர், சேலம்*

இந்தியாவே அதைக் கேட்டிருக்கு சார். 2011ல ஐநா பொதுச்சபையில, 50 நாடு இருக்கற ஒரு குழு வச்சு இன்டர்நெட் கொள்கையைப் பாக்கலாம்னு நம்ம அரசு சொல்லுச்சு. நம்ம நாட்டுக்குள்ளயே எதிர்ப்பு வந்துச்சு. 2015ல பியூனஸ் அயர்ஸ் ஐகான் கூட்டத்துக்கு அப்போதைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அனுப்பின செய்தியில, அரசு, கம்பெனி, பொறியாளர், பொதுமக்கள்னு எல்லாரும் சேந்து முடிவெடுக்கற முறையை இந்தியா ஆதரிக்குதுன்னு வந்துச்சு. அந்த மாத்தம் நல்லதுன்னு நான் நெனைக்கறேன். அரசுக்கு மட்டும் ஓட்டுன்னு வச்சா, நாடுங்க நடுவுல இருக்கற எல்லைச் சண்டையும் வியாபாரச் சண்டையும் அப்படியே ரூட் லிஸ்ட்டுக்குள்ள வந்துடும். உக்ரைன் கடிதத்துக்கு ஓட்டெடுப்பு வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அதுக்காக அரசே வேணாம்னும் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கு வக்கீல் வச்சு ஏழு வருஷம் நிக்க முடியும். ஆத்தங்கரையில இருக்கற மீனவனுக்கு முடியாது, அவனுக்காக அந்த ரூம்ல பேச வேண்டியது அரசாங்கம் அனுப்பற ஆள் தான்.

கேள்வி: அப்போ நாளைக்கு யாராவது டாட் காவேரி கேட்டா?
*விவசாயி, குளித்தலை*

அண்ணே, உங்க கடிதத்தைத் தான் கடைசியா வச்சேன். நாட்டுப் பேரை யாரும் கேக்கவே முடியாது, விதி. தலைநகரத்தோட பேரு, அப்புறம் மாநிலங்களோட பேரு, அதாவது சர்வதேச குறியீட்டுப் பட்டியல்ல இருக்கற தமிழ்நாடு மாதிரி, இதுக்கெல்லாம் சம்பந்தப்பட்ட அரசோட சம்மதக் கடிதம் இல்லாம விண்ணப்பம் நகராது. மத்த ஊர்ப் பேரை அந்த ஊருக்காகவே நடத்தறேன்னு கேட்டாலும் கடிதம் வேணும்.

ஆறும் மலையும் அந்தப் பட்டியல்ல இல்ல. அமேசான் சண்டையே அதனால தான் வந்துச்சு. காவேரி, வைகை, தாமிரபரணி, பொதிகை எதுக்குமே தானா பாதுகாப்பு கிடையாது. யாராவது கேட்டா விண்ணப்பப் பட்டியலை ஐகான் எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடும், அதை நம்ம ஆளு ஒருத்தர் பாக்கணும், நேரத்துக்குள்ள முன்னெச்சரிக்கை நோட்டீஸ் குடுக்கணும், காரணத்தைத் தெளிவா எழுதணும், அப்புறம் ஜிஏசியில மத்த நாடு எதுவும் கை தூக்காம பேசி முடிக்கணும். காவேரி ஓடற மாநிலங்கள் எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும், டெல்லியில இருந்து போறவர் அத்தனை பேருக்கும் சேத்துத் தான் பேசணும், அதுக்கு நம்ம மாநில அரசு மொதல்ல அவர் கிட்ட சொல்லியிருக்கணும்.

நீங்களும் பாக்கலாம். ஐகான் கூட்டத்துல சேர கட்டணம் இல்ல, ஆன்லைன்ல ஜிஏசி அமர்வுகளைக் கேக்கலாம், கம்யூனிக்கே எல்லாம் அவங்க தளத்துல இருக்கு. மொழிபெயர்ப்பு ஐநாவோட ஆறு மொழியிலயும் போர்ச்சுகீஸ்லயும் ஓடும், தமிழ்ல இல்ல. விண்ணப்பப் பட்டியல் வெளிவந்ததும் அதுல இருக்கற நம்ம ஊர், ஆறு, மலை பேருங்களைத் தமிழ்ல இந்தப் பக்கத்துல போடறேன், உங்க ஊர் சம்பந்தப்பட்டது ஏதாவது கண்ணுல பட்டா உடனே எழுதுங்க.